பாங்காக்கில் ஒரு நாள்: கப்பலில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் கப்பலேறுகிறவர்களின் பயணத்திட்டத்தில் 'பாங்காக்' என்று போட்டிருக்கும். ஆனால் பெரிய கப்பல்கள் நிற்பது லேம் சபாங் துறைமுகத்தில். அங்கிருந்து பாங்காக் நகரில் உள்ள மன்னரின் பெரிய அரண்மனை (Grand Palace) ஏறத்தாழ 130 கி.மீ. போக இரண்டு மணி நேரம். நெரிசலில் மாட்டினால் இன்னும் கூடும். காலை எட்டு மணிக்கு இறங்கினாலும் அரண்மனை வாசலுக்குப் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிடும். திரும்பும் நேரத்தைக் கழித்தால் கையில் நிற்பது நான்கு மணி நேரம்தான். அதற்குள் அரண்மனை, வாட் போ கோயில், வாட் அருண் கோயில், மிதக்கும் சந்தை என்று அடுக்காதீர்கள். முதல் இரண்டும் போதும். ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம்.

அடுத்தது கடிகாரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் தன் நேரத்தை மாற்றாமலே வைத்திருக்கலாம். உங்கள் கைபேசியோ தானாக மாறிவிடும். 'ஐந்து மணிக்குள் ஏறுங்கள்' என்றால் எந்த ஐந்து மணி என்று இறங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாவுக்குக் காத்திருப்பார்கள். தனியாக வண்டி பிடித்துப் போனவருக்காக நிற்க மாட்டார்கள்.

உடை விஷயத்தில் அரண்மனைக் காவலர்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. கையில்லாத சட்டை, அரைக்கால் சட்டை, கிழிந்த ஜீன்ஸ், இறுக்கமான லெக்கிங்ஸ் எதுவும் ஆகாது. மேலே துப்பட்டா போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுடிதார் போட்டுக்கொண்டால் கவலையே இல்லை. கழற்றி மாட்டச் சுலபமான செருப்பாக இருக்கட்டும்.

வாசலுக்குச் சற்று முன்னால் நல்ல உடையில் ஒருவர் வந்து, "இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன்" என்பார். நம்பி டுக்டுக் என்கிற அந்த ஊர் ஆட்டோவில் ஏறினால் போய் நிற்பது ரத்தினக்கல் கடையில். நேரே நுழைவாயிலுக்குப் போய்ப் பாருங்கள். டிக்கெட் மாலை 3.30 வரை தருகிறார்கள்.

உள்ளே நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. எல்லோரும் அரண்மனை வளாகத்துக் கோயிலில் இருக்கும் மரகத புத்தரை நோக்கி ஓடுகிறார்கள். 66 செ.மீ. உயரமே உள்ள சிலை, மிக உயரத்தில் இருக்கிறது. கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒன்றாக மூன்று பொன்னாடைகள். மன்னரே மாற்றி அணிவிப்பது மரபு. சன்னிதிக்குள் படம் எடுக்கக்கூடாது. பாதம் புத்தரை நோக்கி நீளாதபடி காலை மடக்கி உட்காருங்கள்.

தரிசனம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். கோயிலைச் சுற்றியுள்ள திருச்சுற்றுச் சுவரில் 178 ஓவியங்களாக ராமாயணமே விரிந்திருக்கிறது. தாய் மொழியில் 'ராமகியன்'. கதை வலஞ்சுற்றாகப் போகிறது. நமக்கு வழிகாட்டி தேவையில்லை; பச்சை மேனியில் ராமர், பால் வெள்ளையில் அனுமன். கம்பனில் பிரம்மச்சாரியாக இருக்கிற அனுமன் இங்கே காதலிக்கிறான். சேது கட்டும்போது கல்லைத் திருட வந்த மீன்கன்னி சுவண்ணமச்சாவோடு அவன் சேரும் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டே நடக்கலாம். 1782இல் இந்த அரண்மனையைக் கட்டத் தொடங்கிய தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா காலத்திலேயே தீட்டி, பிறகு பலமுறை புதுப்பித்தவை இவை. அரை மணி நேரமாவது இதற்கு ஒதுக்குங்கள்.

வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குப் பள்ளிகொண்ட புத்தர். முகத்தைப் படம் எடுத்ததும் திரும்பிவிடாமல் கால்மாட்டுக்குப் போங்கள். உள்ளங்கால்களில் கருப்புப் பூச்சின்மேல் முத்துச்சிப்பி இழைத்து 108 மங்கலச் சின்னங்கள் செய்திருக்கிறார்கள். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் சிப்பியின் நிறம் பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்கு நழுவும். முதுகுப்புறம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சில்லறை மாற்றித் தருகிறார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போகவேண்டும். அந்தக் 'கிணிங் கிணிங்' மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.