தேங்க்ஸ்கிவிங் விருந்து: வியாழக்கிழமைக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. விருந்தாளிகள் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வான்கோழியின் வயிற்றுக்குள் கையை விட்டால் உள்ளே இன்னும் ஐஸ்கட்டி தட்டுப்படுகிறது. கழுத்தும் ஈரலும் வைத்த சின்னப் பை அதோடு சேர்ந்து உறைந்துபோய், இழுத்தால் கிழிகிறதே தவிர வெளியே வர மறுக்கிறது. தேங்க்ஸ்கிவிங் எனும் நன்றி கூறும் பண்டிகை வரும் நவம்பர் நான்காவது வியாழக்கிழமையில் அமெரிக்காவின் ஏதாவது ஒரு சமையலறையில் இது நடக்காமல் இருப்பதில்லை. பட்டர்பால் நிறுவனம் 1981-இலிருந்து வான்கோழி சமைப்பவர்களுக்கென்றே ஒரு தொலைபேசி உதவி எண்ணை நடத்துகிறது. அங்கே அதிகம் கேட்கப்படுவதே ஐஸ் விடுவது, அதாவது உறைந்த பறவையை இளக வைப்பது பற்றித்தான்.

இந்த விருந்தில் கெடுகிற விஷயங்களில் பாதிக்கு மேல் வியாழக்கிழமை கெடுவதில்லை. அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் செய்யாமல் விட்டதுதான் அன்று வந்து நிற்கிறது.

கணக்கு எளிது. ஃப்ரிட்ஜில் வைத்து ஐஸ் விடுவதற்கு, ஒவ்வொரு 4 முதல் 5 பவுண்டு எடைக்கும் ஒரு முழு நாள் வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. 16 பவுண்டு பறவை என்றால் நான்கு நாள். ஞாயிறு காலை எடுத்து வைத்தால் வியாழன் காலைக்குச் சரியாக இருக்கும், ஆனால் கைவசம் நேரம் மிஞ்சாது. சனிக்கிழமையே எடுத்து வைத்துவிடுங்கள். ஐஸ் விட்ட பிறகும் ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள் கெடாமல் இருக்கும். கீழ்த்தட்டில், விளிம்பு உயர்ந்த தட்டில் வையுங்கள். அதிலிருந்து வடியும் நீர் கீழே இருக்கும் கறிவேப்பிலையிலும் கொத்தமல்லியிலும் சொட்டினால் அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அவசரத்துக்கு மேடையில் வெளியே வைத்துவிடுவது பெரிய தவறு. உள்ளே ஐஸ் இருக்கும்போதே மேல்பகுதி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிடும். 40-க்கும் 140-க்கும் இடையில்தான் பாக்டீரியா வேகமாகப் பெருகும். புதன்கிழமைதான் நினைவு வந்தது என்றால் குளிர்ந்த தண்ணீர் வழி இருக்கிறது. உறையைப் பிரிக்காமல் முழுக்க மூழ்க வைத்து, பவுண்டுக்கு 30 நிமிடம் கணக்கு. தண்ணீரையும் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 16 பவுண்டுக்கு எட்டு மணி நேரம். முடிந்ததும் உடனே சமைத்துவிட வேண்டும்.

அதுவும் முடியவில்லையா? ஐஸோடு அப்படியே ஓவனில் வைக்கலாம், பலருக்கு இது தெரிவதில்லை. நேரம் குறைந்தது ஒன்றரை மடங்கு ஆகும், உள்ளே இருக்கும் பையைப் பாதியில் இடுக்கியால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எண்ணெயில் பொரிப்பதாக இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. உறைந்த பறவையைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கினால் ஐஸ் நொடியில் ஆவியாகி, எண்ணெய் பொங்கி அடுப்பின் மேல் வழியும். அமெரிக்காவில் வீட்டுச் சமையலால் தீ விபத்து மிக அதிகமாக நடக்கும் நாளே தேங்க்ஸ்கிவிங்தான். பொரிக்கும் பாத்திரம் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் இருக்க வேண்டும். கராஜுக்குள் வைப்பது கூடவே கூடாது.

மஞ்சள் போட்டுக் கழுவும் வழக்கம்

நம் வீடுகளில் கோழி என்றால் மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீராவது கழுவினால்தான் மனசு ஒப்பும். இங்கே அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். இந்த எடையுள்ள பறவையைக் குழாயடியில் புரட்டிக் கழுவும்போது தெறிக்கும் துளிகள் சிங்க்கைச் சுற்றி எங்கெல்லாம் விழுகின்றன என்று கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் சாலட்டுக்கு நறுக்கி வைத்த கீரையிலும் விழும். சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் எல்லாம் பரவுவது இப்படித்தான். கழுவினாலும் அவை போகாது, சூட்டில்தான் சாகும். காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஈரம் போக ஒற்றி எடுங்கள். தோல் மொறுமொறுப்பாக வருவதற்கும் அதுதான் தேவை. மஞ்சள் இல்லாமல் முடியாது என்றால் அதன் பிறகு தடவிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

அடுத்தது மசாலா. தந்தூரிக் கோழி மாதிரி கீறிவிட்டு, தயிரும் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் கலந்து மேலே அப்பிவிடுகிறார்கள். ஒரு கிலோ கோழிக்கு அது சரி. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓவனில் இருக்கும் பறவைக்கு அது சரிப்படாது. ஈர மசாலாவால் தோல் முதலில் தொளதொளவென்று இருக்கும், அப்புறம் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும், கீறிய இடமெல்லாம் காய்ந்துபோகும். மார்புப் பகுதியில் தோலுக்கும் கறிக்கும் நடுவே விரல்களை மெதுவாக நுழைத்தால் தோல் கிழியாமல் பை போலத் திறந்துகொள்ளும். வெண்ணெயில் குழைத்த மசாலாவை அங்கே வைத்து, வெளியிலிருந்து தடவிப் பரப்பிவிடுங்கள். தோலின் மேல் உப்பும் எண்ணெயும் போதும்.

உப்பு விஷயத்தில் முதலில் லேபிளைப் படியுங்கள். கடையில் விற்கும் உறைந்த வான்கோழிகள் பலவற்றில் ஏற்கெனவே உப்புக் கரைசல் ஏற்றியிருப்பார்கள். அதை மறுபடி உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால் கறி மட்டுமல்ல, வடியும் சாற்றில் செய்யும் கிரேவியும் வாயில் வைக்க முடியாமல் போகும். கரைசல் ஏற்றாததாக இருந்தால் ஒன்றிரண்டு நாள் முன்பே உப்பைத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைப்பது என் பார்வையில் சிறந்த வழி. ஊற வைக்க வாளி தேட வேண்டியதில்லை. பெரிய பரலாக இருக்கும் கோஷர் உப்பிலும் கவனம் வேண்டும்: மார்ட்டன் பிராண்டு உப்பு ஒரு கரண்டி, டைமண்ட் கிரிஸ்டல் பிராண்டு ஒரு கரண்டியைவிட நன்றாகவே எடை கூடியது. செய்முறையில் எந்த உப்பு என்று பார்க்காமல் கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள்.

வெந்ததா என்று பார்ப்பதற்குக் கடிகாரத்தையும் நம்ப வேண்டாம், கறியில் குத்தியே விற்கப்படும் பிளாஸ்டிக் குமிழையும் நம்ப வேண்டாம். அந்தக் குமிழ் வெளியே தள்ளும்போது பெரும்பாலும் மார்புக் கறி காய்ந்திருக்கும். பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் ஒரு வெப்பமானி போதும். தொடையின் உட்பக்கம், இறக்கையின் உட்பக்கம், மார்பின் தடித்த இடம் என மூன்றிலும் எலும்பில் படாமல் குத்திப் பார்த்து 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். வயிற்றுக்குள் ஸ்டஃபிங் (ரொட்டித் துண்டுகளில் செய்யும் உள்ளடைப்பு) அடைத்திருந்தால் அதன் நடுவிலும் அதே 165. கறி வெந்தும் ஸ்டஃபிங் வேகாமல் காத்திருக்கும் நேரத்தில் கறி வறண்டுவிடுகிறது. தனித் தட்டில் ஸ்டஃபிங்கை வேக வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

ஒரே ஓவன், ஆறு பதார்த்தம்

வெளியே எடுத்த வான்கோழியை 20 முதல் 30 நிமிடம் தொடாமல் விட வேண்டும். பசியோடு நிற்பவர்கள் உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். அந்த அரை மணி நேரம்தான் காலியான ஓவனில் பச்சை பீன்ஸ் கேசரோலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சூடாகும் நேரம். இதைக் கணக்கில் எடுக்காதவர்கள் காலையிலிருந்து எல்லாவற்றையும் மாற்றி மாற்றி உள்ளே வைத்து, ஓவன் கதவைத் திறந்து திறந்து சூட்டை விரயமாக்குகிறார்கள். பை (pie) எனும் இனிப்புப் பண்டம் புதன்கிழமையே தயாராக இருக்கட்டும். கிரான்பெரி சாஸைத் திங்கட்கிழமையே செய்துவிடலாம்.

அந்த சாஸில் நடக்கும் தவறு, கெட்டியாகும்வரை கொதிக்க விடுவது. 12 அவுன்ஸ் பழத்துக்கு ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், பத்து நிமிடம். அடுப்பிலிருந்து இறக்கும்போது நீர்க்கத்தான் இருக்கும். பழத்திலேயே பெக்டின் இருப்பதால் ஆறியதும் தானாக இறுகும். அமெரிக்கத் தமிழ் வீடுகளில் இதே பழத்தில் தொக்கு போடுகிறார்கள், எனக்கு சாஸைவிட அதுதான் பிடிக்கும். அதற்கு விதி தலைகீழ்: நல்லெண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை சுருள வதக்க வேண்டும். புளிப்பு பழத்திலேயே இருப்பதால் புளி சேர்த்தால் கெட்டது.

உருளைக்கிழங்கு மசியலை மிக்ஸியில் அடிக்காதீர்கள். ஸ்டார்ச் வெளியே வந்து, போஸ்டர் ஒட்டும் பதத்துக்கு வந்துவிடும். கையால் மசித்தால் போதும். கிரேவிக்கு மாவைச் சூடான சாற்றில் நேரடியாகத் தூவினால் கட்டி கட்டும், கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பூசணி பைக்கு டின் வாங்கும்போது ‘பூசணி விழுது’ என்பதும் ‘பை ஃபில்லிங்’ என்பதும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும். இரண்டாவதில் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே இருக்கிறது. ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய பூசணியை எடுத்துவந்து பை செய்தால் நாரும் தண்ணீரும்தான் மிஞ்சும். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே பையை வெளியே எடுத்துவிட்டால் மேலே வெடிப்பு விழாது.

விருந்தில் சைவக்காரர்கள் இருந்தால், “அவங்களுக்குத்தான் சைட் டிஷ் இத்தனை இருக்கே!” என்று நினைத்துவிடுவது வழக்கம். கொஞ்சம் உள்ளே பாருங்கள். சர்க்கரைவள்ளி மேல் உருகியிருக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின். பெட்டியில் வரும் ஸ்டஃபிங் கலவையில் பெரும்பாலும் கோழிச் சாறு. வூஸ்டர்ஷைர் சாஸில் நெத்திலி மீன். சில பை ஓடுகளில் பன்றிக் கொழுப்பு. கிரேவி பற்றிச் சொல்லவே வேண்டாம். காளான் கிரேவி ஒன்றைத் தனியாகச் செய்து, ஸ்டஃபிங்கில் பாதியைக் காய்கறிச் சாற்றில் தனித்தட்டில் வேகவைத்தால் அவர்கள் வெறும் ரொட்டியோடு உட்கார வேண்டியதில்லை.

மேசை அலங்காரம்

மேசை நடுவே கட்டுக்கட்டாக இலையும் பூசணியும் சோளமும் குவித்துவிட்டு, கடைசியில் வான்கோழித் தட்டை வைக்க இடமில்லாமல் எல்லாவற்றையும் தரைக்கு இறக்குவது வருடா வருடம் நடக்கும் கூத்து. காலித் தட்டுகளையும் பாத்திரங்களையும் முதலில் மேசையில் பரப்பிப் பாருங்கள், மிஞ்சும் இடம்தான் அலங்காரத்துக்கு. எதிரில் உட்காருபவரின் முகத்தை மறைக்காத உயரம் இருந்தால் போதும்.

தோட்டத்தில் பொறுக்கிய பைன் காய்களை அப்படியே கொண்டுவந்து வைக்காதீர்கள். அதில் பூச்சி இருக்கும், பிசினும் விரிப்பில் ஒட்டும். அலுமினியப் படலம் விரித்த தட்டில், ஓவனில் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரை மணி நேரம் வைத்தால் பூச்சி செத்து, பிசின் உருகி, காயும் அழகாக விரியும். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த இலைகளுக்கு நடுவே திறந்த மெழுகுவத்தியோ தீபாவளிக்கு வாங்கிய அகல் விளக்கோ வேண்டவே வேண்டாம். பேட்டரி விளக்கு போதும். வாசனை மெழுகுவத்தி சாப்பாட்டின் மணத்தையே கெடுக்கும். மாலைகளில் கட்டும் ஆரஞ்சு நிற பிட்டர்ஸ்வீட் பழம் நச்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதற்குக் காகிதப் பழமே மேல். ‘நச்சற்றது’ என்று எழுதியிருக்கும் கைவினை மினுக்குத்தூளைப் பை மேல் தூவிவிடாதீர்கள். ‘உண்ணத்தக்கது’ என்று எழுதியிருந்தால்தான் அது சாப்பிடுகிற பொருள்.

குழந்தைகள் செய்யும் பொருட்களில் கையை வரைந்து வான்கோழி ஆக்குவதும், இலை வடிவத் தாளில் நன்றி எழுதி ஒவ்வொருவர் தட்டிலும் பெயர் அட்டையாக வைப்பதும் எப்போதும் நன்றாக இருக்கும். பசை காய வேண்டும் என்பதால் அதை முந்தைய வார இறுதியிலேயே முடித்துவிடுங்கள். காகித இறகுக் கிரீடம் மட்டும் வேண்டாம். இந்தப் பண்டிகையின் தொடக்கமாகச் சொல்லப்படுவது, 1621-இல் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் நடத்திய அறுவடை விருந்து. அதற்குத் தங்கள் தலைவர் மசசாய்ட்டோடு வந்த சுமார் 90 பேர் வாம்பனோவாக் எனும் பூர்வகுடி மக்கள். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்ததாகக் குடியேறிகளில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அந்தப் பெரிய இறகுக் கிரீடம் அவர்களுடையதே அல்ல. அது நாட்டின் நடுவே உள்ள சமவெளிப் பழங்குடிகளில் போரிலும் தலைமையிலும் தகுதி பெற்றவர்கள் அணிவது. பூர்வகுடியினர் பலர் 1970-இலிருந்து இதே நாளில் பிளிமத்தில் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த மான் கதையைச் சொல்லி, காகித மான் செய்யச் சொல்லலாமே.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் டிவியில் ஃபுட்பால் பார்க்கப் போய்விடுவார்கள், கறி மேசையிலேயே கிடக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் அதை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். கிரேவியையும் எலும்புச் சாற்றையும் பெரிய பானையோடு உள்ளே தள்ளினால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், வயிற்றைக் கெடுக்கும் பெர்ஃபிரிஞ்சன்ஸ் பாக்டீரியாவுக்கு அது போதும். பூசணிப் பையிலும் முட்டையும் பாலும் இருப்பதால் அதுவும் ஃப்ரிட்ஜுக்குத்தான் போக வேண்டும். எலும்பைக் கொதிக்க வைத்து மிளகு ரசம் வைப்பதாக இருந்தால் வெள்ளிக்கிழமையே வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் இருக்கும் கறிக்குத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். அதற்குள் தீராது என்று தோன்றினால் வெள்ளிக்கிழமையே பிரித்துக் கட்டி, மேலே தேதி எழுதி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.