ஊரில் அச்சிட்ட நூலைத் தேசிய நூலகத்தில் சேர்ப்பது எப்படி?

திருநெல்வேலிச் சீமையில் சாஸ்தா கோயில் வரலாறு, ஊர் வரலாறு, குடும்ப வழிமுறை என்று எத்தனையோ சிறு நூல்கள் முந்நூறு, ஐந்நூறு படிகளாக அச்சாகி, கொடை விழாவிலோ மணிவிழாவிலோ கைக்குக் கை கொடுக்கப்பட்டுத் தீர்ந்துவிடுகின்றன. பத்தாண்டு கழித்து ஓர் ஆய்வு மாணவர் தேடி வந்தால், எழுதியவர் வீட்டிலேயே படி இருப்பதில்லை. இப்படிச் சொந்தச் செலவில் நூல் வெளியிடுவோர் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காகிதப் படி. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைக் கொல்கத்தா அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா நூலகமும் மும்பை, தில்லி நகரங்களில் ஒவ்வொன்றுமாக அறிவிக்கப்பட்ட மூன்று பொது நூலகங்களுக்கும், வெளியான 30 நாளுக்குள் வெளியீட்டாளர் தம் செலவிலேயே அனுப்ப வேண்டும். அச்சகத்தார் அனுப்பிவிடுவார் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கடமை வெளியீட்டாளருடையது, பணம் போட்டவர் எழுத்தாளரே என்றால் அவரே வெளியீட்டாளர். சிறு வெளியீடும், தனியாக அச்சிட்ட நிலப்படமும் கூடச் சட்டத்தின் பார்வையில் நூல்தான் என்பதால், "இருபத்து நாலு பக்கம்தானே" என்று விட்டுவிட வேண்டாம்.

நான்கு படிகளும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. தேசிய நூலகத்துக்குரிய படி, நூல் அச்சான தாள்களுள் மிகச் சிறந்ததில், படங்கள் எல்லாம் குறையாமல், கட்டப்பட்டோ தைக்கப்பட்டோ இருக்க வேண்டும். மற்ற மூன்றும் விற்பனைப் படிகளின் தாளில் இருந்தால் போதும். கெட்டி அட்டையில் சில படிகள் கட்டுவதாக இருந்தால் அவற்றில் ஒன்றைக் கொல்கத்தாவுக்கு என்று முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள், ஏனென்றால் விழா மேடையில் அவைதாம் முதலில் காணாமற்போகும். நூலகம் தரும் எழுத்துவடிவ ஒப்புகையை அஞ்சல் ரசீதுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்வடிவம்தான் இன்று பெரிய சிக்கல். பிரிட்டனில் 2013 முதல் மின்வெளியீடுகளும் இணையப் பக்கங்களும், சட்டப்படி ஒவ்வொரு வெளியீட்டையும் பெற்றுக் காக்கும் வைப்பு நூலகங்களுக்குச் சேர வேண்டியவையாகிவிட்டன. நம்முடைய 1954ஆம் ஆண்டுச் சட்டமோ அச்சிட்டதைத்தான் பேசுகிறது. ஆகவே மின்னூலாக மட்டும் வெளியிடுவோர், தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நான்கைந்து படியாவது எடுத்து அனுப்பிவிடுவது நல்லது என்பது என் கருத்து. மின்கோப்பைக் காக்கும் பொறுப்பு வெளியிட்டவரிடமே தங்குகிறது.

அதில் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஒருவர் எழுதிய ஊர் வரலாற்றை 2003இல் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோத்துக் குறுந்தகட்டில் வைத்திருந்தோம். பிற்காலத்தில் மறுபதிப்புக்காக அதைத் திறந்தபோது, "தாமிரபரணி" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் வரிசையாக நின்றன. அன்றைய எழுத்துரு அச்சகத்திலும் இல்லை. அத்தை வீட்டு மரப்பெட்டியில் கிடைத்த ஒரு காகிதப் படியை வைத்து முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தோம்.

அச்சகத்தாரிடம் பிடிஎஃப் மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள். குறிப்பிட்ட ஓர் எழுத்துருவை நம்பியிராத பொதுக் குறியீடான யூனிகோடில் அமைந்த வெறும் உரைக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பிடிஎஃபிலிருந்து படியெடுத்தால் "கொ", "பொ" போன்ற எழுத்துகள் பல நேரம் உடைந்துவிடும். பிடிஎஃபை எழுத்துருக்கள் உட்பொதிந்த "பிடிஎஃப்-ஏ" வகையில் கேளுங்கள். படங்களை அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் டிஃப் கோப்பாக வைத்திருங்கள். எல்லாவற்றையும் இரண்டு வன்தட்டுகளில் ஏற்றி, ஒன்றை வேறொருவர் வீட்டில் வையுங்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற இடங்களுக்குக் கொடுப்பதானால், உரிமையை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. 2003இல் காலமானவரின் நூலுக்கு 2063 முடியும் வரை வாரிசுகளின் இசைவு வேண்டும். அதை எழுத்தில் வாங்குங்கள்.

தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில், நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இருக்கட்டும். இந்தியாவில் அது இலவசம், அச்சுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி. ஊர்ப் பெயரோடு வட்டமும் மாவட்டமும் எழுதும்போது பழைய மாவட்டத்தையும் குறிப்பிடுங்கள்: தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் பிரிந்ததால், பழைய நூல்களில் "திருநெல்வேலி ஜில்லா" என்று இருக்கும் ஊரைப் புதிய பட்டியலில் தேடுவோர் தடுமாறுகிறார்கள். நம் பக்கத்துப் பழைய ஆவணங்களில் வரும் கொல்லம் ஆண்டுக்கும் நேரான ஆங்கில ஆண்டைத் தாருங்கள். ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டுடன் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் 825 கூட்ட வேண்டும்.

நூலின் பெயரை ரோமன் எழுத்திலும் அங்கேயே அச்சிட்டுவிடுங்கள். தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் பதியும் நூலகப் பட்டியல்கள் உண்டு. நீங்கள் கொடுக்காவிட்டால் உங்கள் நூலின் "ழ" எந்த எழுத்தில் போய் ஒளிந்துகொண்டது என்று நீங்களே தேட வேண்டியிருக்கும்.