பூட்டனாரின் பெயரில் தொடங்காதீர்கள்

எங்கள் பூட்டனார் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் தச்சு ஆசாரியாக இருந்தவர். கலப்பை, வண்டிச் சக்கரம், நிலைக்கதவு எல்லாம் செய்தவர். வம்சவரிசை எழுத அவரைப் பழைய பதிவுகளில் தேடக் கிளம்பியபோது நான் செய்த பெரிய தவறு, போன இடமெல்லாம் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஆசாரி ஒவ்வொரு வேலைக்கும் காசு வாங்கியவர் அல்ல. வருஷம் முழுக்கக் கலப்பைகளைச் சீர்செய்து கொடுப்பார். அறுவடையானதும் களத்துமேட்டில் தானியம் அளப்பார்கள். அந்தப் பங்குக்குக் கணக்கில் ‘சுதந்திரம்’ என்று பெயர். பல ஊர்களில் மானிய நிலமும் உண்டு, அதாவது செய்யும் வேலைக்காக விடப்பட்ட நிலம். அதனால் கிராமக் கணக்கில் ஆளை விடத் தொழில்தான் முன்னால் நிற்கும்: தச்சன் மானியம், கொல்லன் மானியம். 1858 முதல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் இந்த மானியங்களை விசாரித்தது. அதன் பதிவேட்டில் நிலத்தை அனுபவித்தவரின் பெயர், வயது, முன்பு வைத்திருந்தவருக்கு என்ன உறவு என்பதற்கெல்லாம் தனிக் கட்டங்கள் உண்டு. ஊர்ப் பெயரையும் மானியத்தின் வகையையும் வைத்துத் தேடினால்தான் அந்தப் பதிவு கண்ணில் படும். ஜமீன் கிராமம் என்றால் வழி வேறு. அங்கே ஜமீன் கணக்குகளைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது. உடனே வம்சவரிசையில் எழுதிவிடாதீர்கள். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வீடுகளில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர்தான் வரும். நான் தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கி, நூறு வயது தாண்டியவராக எழுதி வைத்திருந்தேன். ‘ஆசாரி’ என்பதும் குடும்பப் பெயர் அல்ல, ஊரில் அந்தத் தொழில் செய்த எல்லோருக்கும் பொது. ‘இன்னார் மகன்’ என்ற சொல்தான் ஆளைப் பிரித்துக் காட்டும்.

வருஷக் குழப்பம் இதைவிட மோசம். ‘தாது வருஷம் பிறந்தவர்’ என்றால் 1876 ஆகவும் இருக்கலாம், 1816 ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷச் சுழற்சி அப்படி. பஞ்சத்தில் பிறந்தாரா என்று கேளுங்கள். 1876–78 பெரும் பஞ்சத்தைத்தான் நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். நில வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டை ஆங்கில வருஷமாக்க 590 கூட்ட வேண்டும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. நெல்லைப் பக்கத்து ஏடுகளில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) இருக்கும், அதற்கு 824. தை, மாசி மாதிரி ஆங்கில வருஷம் பிறந்த பிறகு வரும் மாதமென்றால் இன்னும் ஒன்று.

இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடுவதும் வீண் அலைச்சல். சாத்தூர் இப்போது விருதுநகர் மாவட்டம். 1910 வரை திருநெல்வேலியில் இருந்தது. 1871 மக்கள்தொகைக் கணக்கில் பூட்டனார் பெயர் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். அச்சில் வந்ததெல்லாம் எண்ணிக்கைதான்.

வீட்டுப் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் விற்றவர், வாங்கியவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். செக்குபந்தியைப் படியுங்கள். ‘இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் பட்டறைக்கு வடக்கு’ என்று நான்கெல்லை சொல்லும்போது பங்காளிகள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

கடைசியாக, ஆண்களிடம் மட்டும் கேட்காதீர்கள். பெரியப்பாவிடம் இரண்டு வருஷம் கேட்டும் கிடைக்காத ஊர்ப் பெயரை அத்தை ஒரே மூச்சில் சொன்னார்: பூட்டி பிறந்த ஊர், எங்கள் சாஸ்தா கோயில் இருக்கும் ஊர். குலதெய்வம் இருக்கும் இடம் பெரும்பாலும் குடும்பம் முன்பு வாழ்ந்த இடம். பங்குனி உத்திரத்தன்று அங்கே போனேன். எந்தப் பதிவேட்டிலும் நான் பார்க்காத மூன்று ஊர்ப் பங்காளிகள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.