பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு வண்டி ஓட்டிப் போகிறீர்களா?

மொத்தம் 64 கிலோமீட்டர்தான், ஆனால் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால் அவசரமே வேண்டாம், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆழியாறு அணை தாண்டி, சோதனைச்சாவடி முடிந்ததும் ஏற்றம். ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை இருக்கும். திரும்பும் முன் ஹாரன் அடியுங்கள், மேலே ஏறி வரும் பஸ்ஸுக்குக் கட்டாயம் வழிவிடுங்கள். 9வது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட், அங்கே ஓரங்கட்டிவிட்டுக் கீழே பாருங்கள், அணை முழுசாகத் தெரியும், அதைவிடப் பக்கத்துப் பாறையைப் பாருங்கள், வரையாடு நின்றாலும் நிற்கும். அப்புறம் அட்டகட்டி, தேயிலைத் தோட்டங்கள். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் சாலையைக் கடக்கும், மெதுவாகப் போங்கள், தயவுசெய்து தீனி போடாதீர்கள், அந்தப் பழக்கம்தான் அவற்றை வண்டிச் சக்கரத்தில் தள்ளுகிறது. இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள்.