குதிகால் வலிக்கு அதிர்வலைச் சிகிச்சை பெறுவது எப்படி?

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போதே குதிகாலில் ஆணி குத்துவதுபோல் வலித்து, பயிற்சியும் மெத்தென்ற காலணியும் மாதக்கணக்கில் பலன் தராவிட்டால், அதிர்வலைச் சிகிச்சை (உடலுக்கு வெளியிலிருந்தே கருவியால் வலியுள்ள இடத்துக்குள் அழுத்த அலைகளைச் செலுத்துவது) பற்றி எலும்பு மருத்துவரிடம் கேட்கலாம். 1980இல் மியூனிக் நகரில் சிறுநீரகக் கல்லை உடைக்கத் தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்தது இது. ஆனால் இங்கே நோக்கம் உடைப்பதன்று, நாள்பட்ட பாதிப்புள்ள திசுவை ஆறத் தூண்டுவது.

கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும், பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், வலியுள்ள இடத்தில் கட்டியோ தொற்றோ இருப்பவர்களும் அதை முதலிலேயே கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

குப்புறப் படுக்கவைத்து, குதிகாலில் குளிர்ந்த ஜெல் தடவி, கருவியின் முனையை அழுத்தி வைப்பார்கள். சிறு சுத்தியால் விடாமல் தட்டுவதுபோல் இருக்கும். ஓர் அமர்வில் ஏறத்தாழ 2000 துடிப்புகள், சில நிமிடங்களில் முடிந்துவிடும். மரத்துப்போக ஊசி கேட்காதீர்கள். எந்தப் புள்ளியில் வலி கூடுகிறது என்று நீங்கள் சொல்வதே சிகிச்சையாளருக்கு வழிகாட்டி. தாங்க முடியாவிட்டால் வேகத்தையும் அழுத்தத்தையும் குறைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.

பிறகு இரண்டு நாள் ஓட்டமும் குதித்தலும் கூடாது. ஐபுபுரூஃபன் போன்ற, வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். மாற்று எது என்று மருத்துவரையே கேளுங்கள். வழக்கமாக வாரத்துக்கு ஒன்றாக 3 முதல் 5 அமர்வுகள் வேண்டியிருக்கும். முழுப் பலன் தெரிய 12 வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், இரண்டாம் வாரமே மனம் தளர்ந்து விட்டுவிடாதீர்கள். படுக்கையை விட்டு எழுமுன் கால்விரல்களைக் கையால் பின்னிழுத்துப் பாதத்தை நீட்டும் பயிற்சியையும் தொடருங்கள்.