அரை முழ உயரத் தொட்டிக்கு எந்தச் செடி?

எங்கள் வீட்டு மீன் தொட்டி இரண்டடி நீளம். உயரம் வெறும் 22 சென்டிமீட்டர். யாங்கோனில் லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருப்பவன் அதைவிடப் பெரியதைத் தூக்கிக்கொண்டு படியேற ஆசைப்படமாட்டான். சின்னத் தொட்டிதானே, நாலு செடி நட்டால் ஆச்சு என்று ஆரம்பித்தேன். முதல் மூன்று மாதத்தில் வாங்கிய செடிகளில் பாதி குப்பைக்குப் போயின.

1. கடைக்குப் போகும் முன் அளவுகோல்

தொட்டியின் உயரம் செடிக்குக் கிடைக்கும் உயரம் இல்லை. என் 22-ல் மணலுக்கு 4 போயிற்று. மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க மேலே 3 விட்டேன். மிச்சம் 15 சென்டிமீட்டர். இதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விரல் நீளத்தில் நிற்பது குட்டிச் செடி. வளர்ந்தால் எவ்வளவு வரும் என்பதுதான் கேள்வி.

நான் கேட்காமல் வாங்கியது வாலிஸ்னேரியா. ரிப்பன் போல அழகான இலை, அரை மீட்டரைத் தாண்டி வளரும் சாதி. இரண்டே மாதத்தில் தண்ணீர் மட்டத்தில் மடங்கிப் படர்ந்து அடியில் இருந்ததையெல்லாம் இருட்டாக்கிவிட்டது. எட்டிப் பார்த்த மாமியார் கேட்டார்: "மாப்பிள்ளை, இது மீன் தொட்டியா, கீரைப் பாத்தியா?"

2. வெளிச்சமும் கரண்டும்

ஆழம் குறைவு என்பதால் சாதாரண எல்.இ.டி. விளக்கே அடிமண் வரை எட்டும். ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். நம் ஊர் மின்வெட்டில் அதுவும் சில நாள் கிடைக்காது; அதனால் மங்கிய வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்கும் செடியாகப் பாருங்கள். ஜன்னலை ஒட்டி நேர் வெயிலில் வைத்தால் பாசிதான் வளரும். படத்தில் பச்சைக் கம்பளம் விரித்தது போலத் தெரியும் குட்டைப் புல் வகைகளுக்குப் பெரும்பாலும் பலமான விளக்கும் தனியாகச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். முதல் தொட்டிக்கு வேண்டாம்.

3. இந்த மூன்றில் தொடங்குங்கள்

அனுபியாஸ் நானா: ஆப்பிரிக்கச் செடி, பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்குள் அடங்கும், ஆமை வேகத்தில் வளரும். இஞ்சி போலப் படுத்திருக்கும் அதன் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லின்மேல் வைத்துத் தையல் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். நான் குழம்புப் பொட்டலத்து ரப்பர் பேண்டைப் போட்டேன். சில வாரத்தில் அது இற்று அறுந்து, செடி மிதந்தது.

கிரிப்டோகோரைன்: சிறிய ரகமாகக் கேளுங்கள். இலங்கையைச் சேர்ந்த வென்டி வகையில் சில 15-ஐத் தாண்டும். பார்வா 5 சென்டிமீட்டர்தான். நட்ட சில நாளில் இலையெல்லாம் கண்ணாடி போலாகிக் கூழாய்க் கரையலாம். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், நான் பிடுங்கினேன். வேர் உயிரோடு இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் புதுத் துளிர் வரும். இடம் மாற்றாமல் விட்டுவிடுவதே வைத்தியம்.

ஜாவா பாசி: பெயர்தான் பாசி, தொட்டியைக் கெடுக்கும் பாசி இல்லை, மாஸ் என்னும் சிறு செடி. கல்லிலோ கட்டையிலோ கட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஏப்ரல் வெயிலில் தண்ணீர் சூடாகும்போது பழுப்பாகும், அவ்வளவுதான்.

4. கடையில் ஏமாறாமல்

லக்கி பாம்பூவையும் சிவப்பு இலைச் செடிகள் சிலவற்றையும் தண்ணீரில் நிறுத்தி மீன் தொட்டிச் செடி என்று விற்பார்கள். அவை தரைச் செடிகள், முழுக்க மூழ்கினால் மெல்ல அழுகும். தண்ணீரை விட்டு எடுத்ததும் சொந்தக் காலில் விறைப்பாக நிற்கும் தண்டா, சந்தேகப்படுங்கள். நிஜ நீர்ச்செடிகள் பல துணி போலத் தொங்கும். அனுபியாஸ் விதிவிலக்கு. அதற்குத் தண்டை அழுத்திப் பாருங்கள், கொழகொழப்பும் நாற்றமும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

வாங்கியதை நேரே தொட்டியில் போடாமல் ஒரு வாளியில் இரண்டு வாரம் வைத்துத் தண்ணீர் மாற்றி வந்தால், முட்டையிலிருந்து வரும் நத்தைக் குஞ்சுகள் கண்ணில் படும்.

5. மிதக்கும் செடி, அளவோடு

வேரில்லாத ஹார்ன்வோர்ட் மீன் கழிவை உறிஞ்சும், வேகமாக வளரும், பாசியையும் அடக்கும். ஆனால் செடிகளும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மேற்பரப்பு மூடிக் கிடக்கும்போது கரண்ட் போய்க் காற்று மோட்டாரும் நின்றால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்படிக் கண்டால் உடனே பாதியை அள்ளிவிடுங்கள். மேற்பரப்பில் பாதியாவது எப்போதும் திறந்திருக்கட்டும். அள்ளியதைச் சாக்கடையில் போடாதீர்கள். மியான்மரின் இன்லே ஏரியில் வெங்காயத்தாமரை படுத்தும் பாடு போதும். வெயிலில் காயவைத்துப் பூந்தொட்டி மண்ணில் போடுங்கள். எங்கள் வீட்டில் அதெல்லாம் மாமியாரின் மிளகாய்ச் செடிக்குப் போகிறது.