கார்த்தேஜ் வெண்கலக் காசு: தரம் பார்ப்பது எப்படி?

கார்த்தேஜ், இன்றைய துனிசியாவில் இருந்த பழைய நகரம். அதன் காசுகளைச் சேர்க்கத் தொடங்கும்போதே வெள்ளி, எலெக்ட்ரம் (பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகம்) பக்கம் போகாதீர்கள். கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டு வெண்கலக் காசு போதும். ரோமானியர் கி.மு. 146இல் நகரத்தையே அழித்தாலும் இந்தக் காசு இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது.

1. ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் தானியக் கதிர் சூடிய பெண் தலை, இடப்பக்கம் பார்த்தபடி. விற்பவர்கள் 'தானித்' என்பார்கள், கார்த்தேஜின் பெண் தெய்வம். முகச்சாயல் சிசிலியின் கிரேக்கக் காசுகளுடையது. மறுபக்கம் குதிரை, பின்னால் பேரீச்சை மரம். கிரேக்க மொழியில் 'ஃபோய்னிக்ஸ்' என்றால் பேரீச்சை, ஃபினீசியர் (இன்றைய லெபனான் கடற்கரையின் பழைய வணிக மக்கள்) இரண்டும்தான். கார்த்தேஜை நிறுவியவர்கள் ஃபினீசியர்கள். குதிரைத் தலை மட்டும் உள்ள வகையும் உண்டு. அதில் பல சார்டினியா தீவில் அடித்தவை.

2. தேய்க்காதீர்கள். வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு நினைப்பில் என் முதல் காசைப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. கூடவே 2,000 வருடப் பச்சைப் படலமும் போனது, மதிப்பும் போனது.

3. தரம். மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். முதலில் தேய்வது மேடான இடங்கள்: தானித்தின் கன்னம், காதுக்கு மேல் முடி, குதிரையின் தோளும் தொடையும். உருவக்கோடு தெரிந்து முடியெல்லாம் ஒன்றாக மழுங்கியிருந்தால் 'ஃபைன்'. (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது சுமார் ரகம்தான்.) முடிக்கற்றையும் கதிரும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் 'வெரி ஃபைன்'. தேய்மானத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்'.

இதில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அச்சு சரியாகப் பதியாததும் மழுங்கலாகத்தான் தெரியும். தானித் பக்கம் கூர்மையாக இருந்து, குதிரையின் கால்கள் மட்டும் காணவில்லையா? பெரும்பாலும் அது அடித்தவன் கைவரிசை, புழங்கித் தேய்ந்ததல்ல. மூக்கு விளிம்புக்கு வெளியே போயிருந்தால் அச்சு நகர்ந்திருக்கிறது. இவற்றைத் தேய்மானத்தோடு சேர்க்காமல் தனியாகக் குறியுங்கள். நானாக இருந்தால், நடுவில் விழுந்த 'ஃபைன்' காசை மூக்கறுந்த 'வெரி ஃபைன்' காசுக்கு மேலாக வைப்பேன்.

4. களிம்பு. கெட்டியான கரும்பச்சை நல்லது. வெளிர்பச்சையாக, குத்தினால் மாவாக உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு. ஈரப்பதம் பட்டால் பெருகும், வாங்காதீர்கள்.

5. போலி. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, மேற்பரப்பில் குமிழிக்குழி இருந்தால், அச்சில் அடிக்காமல் உருக்கி வார்த்த போலி என்று சந்தேகியுங்கள்.

எடை, விட்டம், வாங்கிய இடம், தேதி எல்லாம் எழுதி, ரசீதோடு அமிலமில்லாத காகித உறையில் போடுங்கள். மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், அது காசில் பச்சையாகப் பிசுபிசுக்கும்.